பாத்ரூம் உள்சுவருக்கு லூவர்: சரியான அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் பாத்ரூமில் ஈரம் காயவில்லையா? பெரும்பாலும் ஃபேன் மேல் தப்பிருக்காது. அது வெளியே தள்ளும் அளவுக்கு உள்ளே காற்று வர வழியிருக்காது. ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்தி, கதவடியில் டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். விர்ரென்று உள்ளே இழுத்தால் உள்சுவரில், அதாவது வீட்டுக்குள் அடுத்த அறையை ஒட்டிய சுவரில், லூவர் (பட்டைகள் பொருத்திய காற்றுத் திறப்பு) தேவை.

முதலில் கணக்கு. ஃபேன் பெட்டியில் மணிக்கு 250 கன மீட்டர் என்று போட்டிருந்தால், அதை 3600-ஆல் வகுத்து, மறுபடி 1.5-ஆல் வகுங்கள். வருவது 0.046 சதுர மீட்டர், அதாவது சுமார் 72 சதுர அங்குலம். காற்று வர இவ்வளவு திறப்பு வேண்டும். 1.5 என்பது வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற காற்று வேகம். அதைத் தாண்டினால் இரைச்சல் வரும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த 72 திறந்த இடத்தின் அளவு, லூவரின் அளவு அல்ல. பட்டைகள் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே 12-க்கு 12 அங்குலம் வாங்க வேண்டும். 6-க்கு 6 வாங்கினால் திறப்பு 18 சதுர அங்குலம்தான், கால்வாசி.

கவிழ்த்த V வடிவப் பட்டை உள்ளதாகக் கேளுங்கள். எந்தப் பக்கமிருந்தும் உள்ளே தெரியாது. பவுடர் கோட்டிங் அலுமினியம் நல்லது. மரம் ஈரத்தில் உப்பும், இரும்பு துருப்பிடிக்கும்.

இடம்: ஃபேனுக்கு எதிர்ச்சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஷவர் தண்ணீர் படாத பக்கம். ஃபேன் பக்கத்திலேயே வைத்தால் புதுக்காற்று அறையைச் சுற்றாமல் நேரே வெளியேறிவிடும். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடையே தாழ்வாக லூவர் வைக்கவே கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு ஊர்ந்து தூங்குகிறவர் அறைக்குப் போய்விடும். பாத்ரூமில் கேஸ் கீசர் வைக்கவும் இந்த லூவர் போதாது. அதை வெளிக்காற்று தாராளமாக வரும் இடத்தில்தான் வைக்க வேண்டும்.

சுவரை வெட்டுமுன் வயரும் பைப்பும் போகும் பாதையைப் பாருங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வேண்டாம். நாலரை அங்குலச் சுவரானால் பூச்சோடு சேர்த்துக் கனத்தை அளந்து, சுவரின் இரு பக்கமும் மூடும் இருபக்க ஃப்ரேம் வாங்குங்கள். திறப்புக்கு மேலே ஒரு கிரானைட் துண்டை, இருபுறமும் 4 அங்குலம் சுவரில் உட்காரும்படி வையுங்கள். கிருஷ்ணகிரியில் பாலிஷ் பட்டறைகளில் கழிவுத் துண்டு சுலபமாகக் கிடைக்கும். ஃப்ரேமைச் சுற்றி சிலிகான் அடியுங்கள்.

கடைசியாக ஃபேனைப் போட்டு, லூவர் முன் டிஷ்யூவைப் பிடியுங்கள். மெல்ல உள்பக்கம் சாய்ந்தால் சரி. விசில் சத்தம் வந்தால் திறப்பு இன்னும் போதவில்லை.