கம்பியில்லாப் பார்கோடு ஸ்கேனருக்குக் காப்புரிமை: ‘இது எவருக்கும் தோன்றுமே’ என்ற எதிர்ப்பில் நேரும் தவறுகள்

மதுரை விளக்குத்தூண் பகுதி ஜவுளிக் கடைகளில் கம்பியில்லாப் பார்கோடு ஸ்கேனர் இன்று சாதாரணப் பொருள். அதன் குறை ஒன்றுக்குக் கப்பலூரில் பட்டறை நடத்தும் ஒருவர் தீர்வு கண்டு காப்புரிமை (பேடன்ட்) கேட்டால், ‘துறை அறிந்த எவருக்கும் இது தோன்றியிருக்கும்’ என்ற எதிர்ப்பே அவர் கடக்க வேண்டிய பெரிய தடை.

சந்தையில் இப்படி ஒன்று இல்லை என்பதே போதும் என்று நம்புவது முதல் தவறு. தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருப்பதோடு, அத்துறையில் தேர்ந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். பார்கோடுக்கு அமெரிக்கக் காப்புரிமை 1952லேயே கிடைத்துவிட்டது. ப்ளூடூத்தும் 1990களில் வந்தது. கம்பிக்குப் பதில் ரேடியோ என்ற அளவில் கோரிக்கையை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற வரையறையை) எழுதினால், எதிர்த்தரப்பு இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்துக் காட்டியே அதை வீழ்த்திவிடும். தெரிந்த கருவிகள் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்யும் வெறும் சேர்க்கையைப் பிரிவு 3(எஃப்) கண்டுபிடிப்பாகவே கருதுவதில்லை.

இதைவிடக் கனமான தவறு, தீர்வை மட்டும் எழுதிக் காரணத்தை விட்டுவிடுவது. ஸ்கேனரின் ஒளியும் ரேடியோவும் ஒரே கணத்தில் மின்சாரம் இழுக்கும்போது பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்து, கோடு படிக்கப்படாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய பேட்டரி போடுவதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அதை விட்டு, படிப்பதையும் அனுப்புவதையும் நேரத்தால் பிரித்தவர், அந்தச் சரிவு எவ்வளவு, பிரித்தபின் எவ்வளவு குறைந்தது என்பதை அளந்து விவரக்குறிப்பில் (விண்ணப்பத்தோடு தரும் கண்டுபிடிப்பின் விளக்க ஆவணத்தில்) பதிந்திருக்க வேண்டும். பிரிவு 59இன்படி, முதலில் வெளிப்படுத்தாத விஷயத்தைத் திருத்தமாகப் பின்னர் நுழைக்க முடியாது. ஆகவே தாக்கல் செய்யும் நாளில் விட்டுப்போன அளவீடு, பெரும்பாலும் விட்டுப்போனதுதான்.

எதிர்ப்பவர்களும் தவறுகிறார்கள். விடையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தால் எல்லாமே எளிதாகத் தெரியும். அது ஏற்கத்தக்க வாதம் அன்று. முன்னுரிமைத் தேதியன்று (பொதுவாக முதல் விண்ணப்பம் தாக்கலான நாளன்று) தேர்ந்த ஒருவர் அந்த இரு ஆவணங்களையும் ஏன் இணைத்திருப்பார் என்ற காரணத்தைக் காட்ட வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ‘எளிதில் தோன்றுமா’ என்ற கேள்வி பற்றிய 2007ஆம் ஆண்டு கேஎஸ்ஆர் தீர்ப்பைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள்; அது இந்தியாவில் கட்டுப்படுத்தாது என்பதோடு, இணைப்பதற்கான காரணம் முக்கியம் என்பதை அத்தீர்ப்பே சொல்கிறது.

விண்ணப்பிக்கும் முன்பே கடைக்காரர்களிடம் இயக்கிக் காட்டுவதும் ஆபத்து. நம் செயல்விளக்கமே நமக்கு எதிரான முன்னறிவாகிவிடலாம் (ஏற்கெனவே வெளியே தெரிந்த விஷயமாகிவிடலாம்). தற்காலிக விவரக்குறிப்பை முதலில் தாக்கல் செய்துவிட்டு, முழுமையானதை 12 மாதத்துக்குள் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த அவகாசத்தை அளவீடுகளுக்கே செலவிட வேண்டும். காப்புரிமை வழங்கப்பட்ட பின் எதிர்க்க விரும்புவோர், அந்த அறிவிப்பு வெளியான ஓராண்டுக்குள் பிரிவு 25(2)இன்கீழ் எதிர்ப்பைப் பதிய வேண்டும்.