ஸ்டார்ட்அப் பட்டியலைச் சுத்தம் செய்வது எப்படி? (அணைத்த பிறகும் திரும்பி வருபவை உட்பட)

சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே ஆன்லைன் விண்ணப்பம் போட நாலு பேர் வாசலில் நிற்பார்கள். லேப்டாப்பில் டெஸ்க்டாப் வர ஒரு நிமிஷம், வந்த பிறகு மவுஸ் பேச்சைக் கேட்க இன்னும் மூன்று நிமிஷம். "இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாமாடா?" என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து பார்த்தேன். விண்டோஸ் தொடங்கும்போதே கூடவே ஓடி வருவதற்கு 23 மென்பொருள்கள் வரிசையில் நின்றன. சித்தப்பாவுக்கு அன்றாடம் வேண்டியவை அவற்றில் ஐந்தோ ஆறோதான்.

அணைப்பது ஐந்து நிமிஷ வேலை. அணைத்ததால் கெட்டுப் போனதைச் சரிசெய்யவும், அவருக்கு வேண்டிய ஒன்றைத் தானாகத் திறக்க வைக்கவும்தான் எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதனால் இந்தப் பதிவில் முதல் பாதி வேகமாகப் போகும், பின்பாதி மெதுவாகப் போகும்.

பட்டியலைத் திறப்பது

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 11 என்றால் இடப்பக்கம் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்று இருக்கும். விண்டோஸ் 10 என்றால் மேலே 'ஸ்டார்ட்அப்' என்ற டேப். சின்னப் பெட்டியாக மட்டும் திறந்தால் கீழே 'மோர் டீட்டெய்ல்ஸ்' என்பதை அமுக்குங்கள். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' என்பதற்குள்ளும் இதே பட்டியல் உண்டு. எனக்கு டாஸ்க் மேனேஜர்தான் பிடிக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் போனில் அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. அதற்கான தண்டனையும் கிடைத்தது.

பட்டியலில் 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்று ஒரு பத்தி இருக்கும். அதில் 'ஹை' என்று பார்த்ததும் பதறி அணைப்பவர்கள் நிறைய. தொடக்கத்தில் ஒரு மென்பொருள் பிராசஸரை ஒரு விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ விண்டோஸ் அதற்கு 'ஹை' முத்திரை குத்திவிடும். 3 எம்பி என்பது போனில் எடுத்த ஒரு போட்டோவின் அளவு. ஆகவே இந்த முத்திரையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்திகளின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து 'சிபியு அட் ஸ்டார்ட்அப்', 'டிஸ்க் ஐ/ஓ அட் ஸ்டார்ட்அப்' இரண்டையும் டிக் செய்தால் உண்மையான எண்ணே தெரியும். அங்கேயே 'கமாண்ட் லைன்' என்பதையும் டிக் செய்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜர் பிடிக்கும் என்று சொன்னது இதற்காகத்தான். சில சமயம் ஐகான் எதுவும் இல்லாமல் வெறும் 'புரோகிராம்' என்ற பெயரில் ஒன்று உட்கார்ந்திருக்கும். பார்த்தால் வைரஸ் மாதிரி இருக்கும். பெரும்பாலும் எப்போதோ நீக்கிய மென்பொருளின் மிச்சம்தான் அது. கமாண்ட் லைனைப் பார்த்தால் எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

எதை விடுவது, எதை அணைப்பது

நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி. நான் கூப்பிடுவதற்கு முன்பே இது வந்து உட்கார்ந்திருக்க வேண்டுமா?

பாட்டு கேட்கும் ஆப், வீடியோ மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர், பிடிஎஃப் படிக்கும் மென்பொருள், இவையெல்லாம் வேண்டும்போது இரண்டு முறை கிளிக் செய்தால் வரப் போகின்றன. அணைத்துவிடலாம். ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்'. அவ்வளவுதான். மென்பொருள் எங்கும் போய்விடாது, தானாக எழுந்து வருவது மட்டும் நின்றுவிடும். பிடிக்கவில்லை என்றால் அதே இடத்தில் 'எனேபிள்'.

டச்பேட், ஆடியோ, கிராஃபிக்ஸ் என்று வன்பொருள் சம்பந்தப்பட்டவற்றை நான் தொடுவதில்லை. 'விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன் ஐகான்' என்று ஒன்று இருக்கும். அதை அணைத்தாலும் ஆன்டிவைரஸ் நிற்காது, மூலையில் இருக்கும் கேடயப் படம்தான் போகும். மிச்சமாவது ஒன்றுமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றில் டெஸ்க்டாப் ஃபோல்டர் தானாக பேக்கப் ஆகும்படி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். வைத்திருந்தால் அணைக்க வேண்டாம்.

இப்போது நான் பட்டது. வேகத்தில் இரண்டை அணைத்துவிட்டேன்.

முதலாவது, இ-கலப்பை. சித்தப்பா தமிழில் மனு அடித்துக் கொடுப்பவர். திங்கட்கிழமை காலை போன்: "டேய், தமிழே வரமாட்டேங்குது." இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் மாதிரி தனி மென்பொருளில் தட்டச்சு செய்பவர்கள் அதை ஸ்டார்ட்அப்பில் விட்டுவைக்க வேண்டும். விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டாவது, ஸ்கேனரின் துணை மென்பொருள். அதன் பெயரைப் பார்த்தால் ஏதோ விளம்பரச் சமாச்சாரம் மாதிரி இருந்தது. ஸ்கேனர் மேலேயே ஒரு பட்டன் இருக்கும் இல்லையா, அமுக்கினால் படம் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகும். அந்தப் பட்டனை அமுக்கியதும் மறுமுனையில் வாங்கிக்கொள்ள ஒருவர் விழித்திருக்க வேண்டும், அவர்தான் இவர். ஜெராக்ஸ் கடையில் அந்தப் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு போட்டோ எடுத்து வைத்திருந்தால் போனிலேயே சொல்லிச் சரிசெய்திருப்பேன். பஸ் ஏறிப் போக வேண்டியதாயிற்று.

அணைத்தும் திரும்பி வருகிறதே?

மாற்றங்களைச் செய்த பிறகு 'ஷட் டவுன்' செய்து சோதிக்காதீர்கள், 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கும்போது ஷட் டவுன் என்பது முழு அணைப்பு இல்லை, சிஸ்டத்தின் ஒரு பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அடுத்த முறை எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

ரீஸ்டார்ட் செய்தும், பட்டியலில் இல்லாத பிரவுசர் தானாகத் திறந்தது. ஒரு மணி நேரம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். விடை வேறு இடத்தில் இருந்தது. செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', அதற்குள் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்'. கீழே இறங்கிப் போனால், அணைக்கும்போது திறந்திருந்த ஆப்களை நினைவில் வைத்து மறுபடி திறக்கட்டுமா என்று கேட்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். 'ரீஸ்டார்ட்டபிள் ஆப்ஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதை ஆஃப் செய்ததும் பிரச்சினை தீர்ந்தது. இதற்கும் ஸ்டார்ட்அப் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை.

இதோடு பிரவுசர்களுக்கென்று சொந்தப் பழக்கம் உண்டு. குரோமின் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில், மூடிய பிறகும் பின்னணியில் ஓடட்டுமா என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. எட்ஜில் அதே மாதிரி 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்'. 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் இரண்டையும் ஆஃப் செய்துவிடுவேன்.

இன்னும் சில மென்பொருள்கள், அப்டேட் ஆனதும் பட்டியலில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றை டாஸ்க் மேனேஜரில் அணைத்தால் மட்டும் போதாது, அந்த மென்பொருளின் சொந்த செட்டிங்ஸுக்குள் போய் விண்டோஸோடு தொடங்கு என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் 'ஆட்டோரன்ஸ்'. சிஸ்இன்டர்னல்ஸ் குழுவினர் உருவாக்கிய இலவசக் கருவி இது. 2006ல் அந்த நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டதால் இப்போது அவர்கள் தளத்திலேயே கிடைக்கிறது, இன்ஸ்டால் செய்யவும் தேவையில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆப்ஷன்ஸ் மெனுவில் 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' என்பதை முதலில் டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் கொட்டும் பட்டியலைப் பார்த்தே மூடிவிடுவீர்கள். மஞ்சளாகத் தெரியும் வரிகளுக்குரிய ஃபைல் கம்ப்யூட்டரில் இல்லை என்று பொருள். எதையும் டெலீட் செய்யாதீர்கள், டிக்கை மட்டும் எடுங்கள். திரும்ப வேண்டும் என்றால் டிக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

'பிசி பூஸ்டர்', 'கிளீனர்' என்ற பெயரில் வருபவற்றை நான் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை. சித்தப்பா லேப்டாப்பில் அப்படி ஒன்று இருந்தது. ஸ்டார்ட்அப்பைக் குறைக்க வந்தது, தானும் ஸ்டார்ட்அப்பில்தான் உட்கார்ந்திருந்தது.

வேண்டியதைச் சேர்ப்பது

எளிய வழி: விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்குங்கள். வரும் சின்னப் பெட்டியில் ஆங்கிலத்தில் ஷெல், அதை ஒட்டி முக்காற்புள்ளி, அதை ஒட்டி ஸ்டார்ட்அப் என்று இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதில் மென்பொருளின் ஷார்ட்கட்டைப் போட்டால் முடிந்தது. மென்பொருள் மட்டுமில்லை, தினமும் திறக்கும் எக்செல் ஃபைலின் ஷார்ட்கட்டையும் போடலாம்.

சித்தப்பாவின் பில் போடும் மென்பொருளை இப்படித்தான் போட்டேன். வரவில்லை. காரணம், அது அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும் பழைய மென்பொருள். அனுமதி கேட்பவற்றை இந்த ஃபோல்டரிலிருந்து விண்டோஸ் தொடங்காது. பிழைச் செய்தி கூட வராது, சத்தமில்லாமல் விட்டுவிடும். அதற்கு 'டாஸ்க் ஷெட்யூலர்' வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தேடித் திறந்துகொள்ளுங்கள்.

வலப்பக்கம் 'கிரியேட் டாஸ்க்' என்பதை எடுங்கள். பக்கத்தில் இருக்கும் 'கிரியேட் பேசிக் டாஸ்க்' நமக்குப் போதாது.

1. 'ஜெனரல்' டேப்பில் ஒரு பெயர் கொடுங்கள். 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் செய்யுங்கள். அதற்கு மேலே பயனர் லாக்-ஆன் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொடாதீர்கள். தேர்ந்தெடுத்தால் மென்பொருள் ஓடும், ஆனால் அதன் ஜன்னல் திரையில் தெரியாது.

2. 'டிரிகர்ஸ்' டேப்பில் 'நியூ' கொடுத்து, 'அட் லாக் ஆன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'அட் ஸ்டார்ட்அப்' வேண்டாம், அது நீங்கள் உள்ளே நுழைவதற்கு முன்பே ஓடுவது. அதே பெட்டியில் 30 விநாடி தாமதம் வைத்துக்கொண்டால் மற்றவை வந்து உட்கார நேரம் கிடைக்கும்.

3. 'ஆக்‌ஷன்ஸ்' டேப்பில் மென்பொருளின் ஃபைலை பிரவுஸ் செய்து காட்டுங்கள். 'ஸ்டார்ட் இன்' என்ற கட்டத்தில் அது இருக்கும் ஃபோல்டரின் முகவரியைக் கொடுங்கள். இங்கே மேற்கோள் குறி போடக் கூடாது. போட்டால் ஓடாது.

4. 'கண்டிஷன்ஸ்' டேப். இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

முதல் மூன்றையும் செய்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்து பார்த்து, பில் மென்பொருள் தானாகத் திறந்ததும் ஊருக்கு வந்துவிட்டேன். மறுநாள் போன்: "திறக்கலையே." சனிக்கிழமை போனேன், திறந்தது. திங்கட்கிழமை திறக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. நான் போகும் நாளெல்லாம் வருகிறது, நான் இல்லாத நாளெல்லாம் வருவதில்லை. "உன்னைக் கண்டாத்தான் பயப்படுது போல" என்றார் சித்தப்பா.

ஒருநாள் காலையில் அவருக்கு முன்பே கடைக்குப் போய் நின்று பார்த்தேன். ஷட்டரைத் திறந்து, லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, பெருக்கித் தண்ணீர் தெளித்து, சாமிப் படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுக் கடைசியாகத்தான் மெயின் சுவிட்சைப் போடுகிறார். அதுவரை லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது. 'கண்டிஷன்ஸ்' டேப்பில் மின்சாரத்தில் இணைந்திருந்தால் மட்டும் ஓடு என்ற டிக், நாம் போடாமலேயே போட்டிருக்கும். நான் சோதித்த நாட்களில் எல்லாம் சார்ஜர் செருகியிருந்தது, அதனால் எனக்கு மாட்டவே இல்லை.

லேப்டாப் என்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அப்படியே அடுத்த 'செட்டிங்ஸ்' டேப்பில், மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்று ஒரு டிக் இருக்கும். கம்ப்யூட்டரை அணைக்காமலே வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துவிடலாம்.

இதெல்லாம் முடிந்தபோது நான்கு நிமிஷம் ஒன்றரை நிமிஷமாகக் குறைந்தது. அதற்குக் கீழே போகவில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், அதன் வேகம் அவ்வளவுதான். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால்தான் மிச்சம் குறையும். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்கிறார்.

பிற்சேர்க்கை: ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர், பட்டியலை மொத்தமாக அணைத்த பிறகு ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்து போட முடியவில்லை என்று எழுதியிருந்தார். அங்கே கையெழுத்துக்கு 'எம்சைனர்' கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கையெழுத்தைச் சேமித்து வைத்திருக்கும், பென் டிரைவ் மாதிரியான யுஎஸ்பி டோக்கனின் மென்பொருளும் அப்படித்தான். கையெழுத்து, டோக்கன் சம்பந்தப்பட்ட பெயர்களைக் கண்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: விண்டோஸின் 'எம்எஸ்கான்ஃபிக்' என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, பின்னணியில் ஓடும் வேலைகள் இருக்கும் சர்வீசஸ் டேப்பில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாகவும், பின் நம்பர் போட்டு உள்ளே போக முடியவில்லை என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நான் அந்த டேப் பக்கம் போகச் சொல்லவே இல்லை. போய்த்தான் ஆக வேண்டும் என்றால், மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் டிக்கைப் போட்டுவிட்டு மீதியை மட்டும் பாருங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலில் தவறு செய்தால் ஒரு ஆப் வராது, சர்வீசஸில் தவறு செய்தால் விண்டோஸே முரண்டு பிடிக்கும்.

லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்கள் மெனுவில் 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' என்று தேடினால் போதும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி தாமதம் என்று அங்கேயே போடலாம். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், லாகின் ஐட்டம்ஸ்.