பார் மிட்ஸ்வா முடிந்ததும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

அமெரிக்காவில் பல யூத ஜெப ஆலயங்களில் ஒரு வழக்கம் உண்டு. பார் மிட்ஸ்வாவுக்கு, அதாவது மதக் கடமைகளை ஏற்கும் வயதை எட்டுவதற்கான சடங்குக்கு, தயாராகும் பிள்ளை, யூத வேதமான தோராவை வாசிக்கப் பழகுவதோடு ஏதாவது ஒரு தொண்டும் செய்ய வேண்டும். பழைய கோட்டு சேகரிப்பான், உணவு வங்கியில் டின் அடுக்குவான். சடங்கு முடிந்த மறுவாரம் ஆளைக் காணோம். பரீட்சை மாதிரி வைத்தால், முடிந்தபின் யார் புத்தகத்தைத் தொடுவார்கள்? இத்தனைக்கும் மிட்ஸ்வா என்றால் கட்டளை. மரபுப்படி பையனுக்கு 13, பெண்ணுக்கு 12 வயதில்தான் அந்தக் கடமை தொடங்கவே செய்கிறது. எனவே, தொண்டை நடத்தும் பெரியவர்களே, அடுத்து என்ன வேலை என்பதைச் சடங்குக்கு முன்பே அவர்களோடு பேசி வையுங்கள்.

அடுத்த தவறு, எடுபிடியாக நடத்துவது. பூரிம் பண்டிகைக்கு முதியவர்களுக்குப் பலகாரக் கூடை போகும். பட்டியல் போடுவது, கட்டுவது, கார் ஓட்டுவது எல்லாம் பெரியவர்கள். பிள்ளை வாசலில் கூடையை நீட்டிவிட்டு வரும், அவ்வளவுதான். பட்டியலையே அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். யாருக்குச் சர்க்கரை நோய், ஹாமன்டாஷன் என்ற இனிப்பு பிஸ்கட்டுக்குப் பதில் என்ன வைக்கலாம், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு யார் ஏறுவது என்று அவர்களே தீர்மானிக்கட்டும். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால், சமையலறை பல்பு பல நாளாக எரியவில்லை என்று அந்தப் பாட்டி சொல்வார். அடுத்த வாரம் போக ஒரு காரணம் கிடைத்துவிட்டது!

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். வேலை செய்யாத ஓய்வுநாளான சபாத் வெள்ளி மாலையே தொடங்கிவிடும். லண்டனில் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. வெள்ளி மூன்றரைக்கு வேலை வைத்தால் சபாத் கடைப்பிடிக்கும் வீட்டுப் பிள்ளை வர முடியாது. ஞாயிறுதான் வசதி.

‘தொண்டு செய்ததாகக் காலேஜ் விண்ணப்பத்தில் போடத்தானே வருகிறாய்’ என்று குத்திக்காட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். வேறு நோக்கத்தோடு செய்தாலும் செய்யட்டும், செய்யச் செய்ய உண்மையான நோக்கம் வந்துவிடும் என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத். சான்றிதழைத் தாராளமாகக் கொடுங்கள்.

அப்புறம் இந்த போட்டோ. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாமல் கொடுப்பது அதில் இரண்டாவது உயர்ந்த படி. பாஸ்கா பண்டிகைக்கான உணவுப்பெட்டி வாங்குபவரின் முகத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால் நாம் எந்தப் படியில் நிற்கிறோம்? பெட்டி கட்டும் கைகளைப் படமெடுத்தால் போதும்.