வெளிநாட்டில் வீடு புக் செய்யும்போது கரன்சி மாற்றத்தில் நடக்கும் தவறுகள்

போன வருடம் அக்கா குடும்பமும் நாங்களும் சேர்ந்து போர்ச்சுகலில் உள்ள லிஸ்பன் போனோம். ஹோட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட, சமையலறையோடு ஒரு ஃபிளாட் எடுத்தால் பிள்ளைகளுக்கும் வசதி என்று 7 இரவுக்கு ஒன்றைப் பிடித்தோம். வாடகை 900 யூரோ. பணம் கட்டும் பக்கத்தில் 93,600 ரூபாய் என்று வந்தது. ரூபாயில் கட்டிவிட்டால் பிறகு எந்தக் குழப்பமும் இருக்காது என்று நினைத்து அப்படியே கட்டினேன். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள். 936 ரூபாய் ஒரு கட்டணம், அதன் மேல் 168 ரூபாய் ஜிஎஸ்டி. வங்கிக்கு போன் செய்து, “ரூபாயில்தானே கட்டினேன், இது எதற்கு?” என்று கேட்டேன். “தொகை ரூபாய்தான் மேடம், ஆனால் பணத்தை வாங்கிய நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிறது” என்றார்கள்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்றைக்கு ஒரு யூரோ கிட்டத்தட்ட 100 ரூபாய். 900 யூரோவுக்கு 90,000 தான் வர வேண்டும். ஆக, 3,600 ரூபாய் விலைக்குள்ளேயே போய்விட்டது, 1,104 ரூபாய் வெளியே தெரிந்தது. தெரிந்த தொகைக்காக நான் சண்டை போட்டேன். மூன்று மடங்குக்கு மேல் போன தொகை கண்ணிலேயே படவில்லை.

அதிலிருந்து எந்த புக்கிங் செய்தாலும் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்தப் பணத்தை ரூபாயாக மாற்றப்போவது யார், எத்தனை முறை? கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

ரூபாயில் காட்டினால் நிம்மதி என்று நினைப்பது

நாம் யூரோவில் கட்டினால், கார்டு நிறுவனம் தன் விகிதத்தில் மாற்றும், நம் வங்கி அதன் மேல் மார்க்அப் என்று ஒரு கூடுதல் கட்டணம் வைக்கும். இந்தியாவில் பல கிரெடிட் கார்டுகளில் இது 3.5 சதவீதம், கொஞ்சம் உயர்ந்த வகைக் கார்டுகளில் 2 சதவீதம் அளவில் இருக்கும். மார்க்அப் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதால் 3.5 என்பது உண்மையில் 4.13, 2 என்பது 2.36.

ரூபாயில் கட்டினால் மாற்றுகிற வேலையை விற்பவர் பக்கமே செய்துவிடுகிறது. விகிதத்தை அவர்கள் வைக்கிறார்கள், லாபத்தையும் அதற்குள் வைக்கிறார்கள். இதைத்தான் கார்டு உலகில் டிசிசி (டைனமிக் கரன்சி கன்வர்ஷன்) என்கிறார்கள். இதற்கு மேல், வெளிநாட்டில் பதிவான நிறுவனத்திடம் ரூபாயில் கட்டினால் பல இந்திய வங்கிகள் 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் தனியாகப் பிடிக்கின்றன. எனக்கு நடந்தது அதுதான்.

புக்கிங் தளங்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வீட்டுக்காரர் வைத்திருக்கும் கரன்சியும் நாம் கட்டும் கரன்சியும் வேறாக இருந்தால், மாற்றுவதற்கான தொகை தனி வரியாக வராமல் சேவைக் கட்டணத்துக்குள்ளேயே சேர்ந்து வரலாம். அதனால் கட்டண விவரத்தில் ‘கரன்சி மாற்றம்’ என்ற சொல்லைத் தேடிப் பயனில்லை. எளிய வழி இதுதான்: ரூபாய்த் தொகையை யூரோத் தொகையால் வகுத்துப் பாருங்கள். எனக்கு 93,600-ஐ 900-ஆல் வகுத்தால் 104. அன்றைய விகிதம் 100. நாலு ரூபாய் எங்கே போனது என்று அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே தங்கள் இணையதளத்தில் கரன்சி கணக்கி வைத்திருக்கின்றன. நம் வங்கியின் மார்க்அப் சதவீதத்தையும் அதில் போட்டுப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

‘எப்போதும் உள்ளூர் கரன்சி’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது

பயணம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. என் 900 யூரோவையே எடுத்துக்கொள்வோம். சாதாரண 3.5 சதவீத கார்டில் யூரோவில் கட்டியிருந்தால் 93,717 ஆகியிருக்கும். நான் கொடுத்தது 94,704. மிச்சம் ஆயிரத்துக்கும் குறைவுதான். தளம் 4-க்குப் பதில் 3 சதவீதம் மட்டும் ஏற்றியிருந்து, வங்கியும் அந்த 1 சதவீதத்தைப் பிடிக்காமல் இருந்தால் ரூபாய் வழியில் 92,700 தான். அப்போது ரூபாயே மலிவு.

உண்மையான மிச்சம் கார்டும் கரன்சியும் சேர்ந்து பொருந்தும்போதுதான் வருகிறது. மார்க்அப் இல்லாத கார்டில், அதாவது ‘ஜீரோ ஃபாரெக்ஸ்’ என்று சொல்லும் கார்டில், யூரோவில் கட்டியிருந்தால் ஏறக்குறைய 90,000-க்கு முடிந்திருக்கும். இதில் ஒரு வருத்தமான விஷயம் உண்டு. தேடிப் பிடித்து ஜீரோ ஃபாரெக்ஸ் கார்டு வாங்கிய பலர், ஆப் காட்டும் ரூபாய்த் தொகையை அப்படியே கட்டிவிடுகிறார்கள். ரூபாயில் கட்டியதும் அந்தக் கார்டின் சலுகைக்கு வேலையே இல்லாமல் போகிறது. மாற்றம் ஏற்கெனவே வேறு ஒருவர் கையில் நடந்து முடிந்துவிட்டது.

சில தளங்கள் கார்டு எந்த நாட்டுடையது என்று பார்த்து, கரன்சியை மாற்றவே விடுவதில்லை. அப்படியென்றால் அதே வீடு வேறு தளத்தில் இருக்கிறதா, தங்குமிடத்திலேயே பணம் கட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். புக்கிங் டாட் காம் போன்ற தளங்களில் ‘தங்குமிடத்தில் கட்டலாம்’ என்று இருந்தால், நமக்குத் தெரியும் ரூபாய் விலை உத்தேசம்தான். வாங்கப்போவது அந்த ஊர்ப் பணத்தில். பேபால் வழியாகக் கட்டினால், அது தன் விகிதத்தில் மாற்றத்தான் முதலில் முன்வரும். விற்பவரின் கரன்சியிலேயே கார்டுக்கு அனுப்பும் தேர்வு உள்ளே இருக்கிறது, கொஞ்சம் தேட வேண்டும்.

டாலர் குறியைப் பார்த்து எந்த டாலர் என்று கேட்காமல் விடுவது

இது படிக்காதவர்கள் செய்யும் தவறு இல்லை. ஆஸ்திரேலியாவில் 2018 ஜனவரி முதல் 2021 ஆகஸ்ட் வரை ஏர்பிஎன்பி தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வெறும் டாலர் குறியைப் பார்த்து, அது ஆஸ்திரேலிய டாலர் என்று நம்பி புக் செய்தார்கள். அது அமெரிக்க டாலர். அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டு, 2023 டிசம்பரில் ஃபெடரல் நீதிமன்றம் 1.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர்களுக்கு இன்னும் 1.5 கோடி வரை இழப்பீடு தரவும் ஏற்பாடானது. சொந்த நாட்டுப் பணத்திலேயே அவ்வளவு பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்றால், சிங்கப்பூர் டாலர், ஹாங்காங் டாலர், கனடா டாலர் என்று பார்க்கும் நமக்கு இன்னும் கவனம் வேண்டும். யென், யுவான் இரண்டுக்கும் குறி ஒன்றே.

இலங்கைக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. நுவரெலியா, கண்டிப் பக்கம் வீடுகளுக்கு அமெரிக்க டாலரில் விலை போட்டிருப்பார்கள், அங்கே போய்க் கட்டுவது இலங்கை ரூபாயாக இருக்கும். எந்த நாளின், எந்த வங்கியின் விகிதம் என்று முன்பே கேட்டு, பதிலை மெசேஜில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வரும் பணத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பது

என் பார்வையில் அதிகம் பேசப்படாத நஷ்டம் இதுதான். ‘இலவச ரத்து’ என்றால் 900 யூரோ முழுசாகத் திரும்பி வரும், சரி. ஆனால் கட்டும்போது வங்கி பிடித்த மார்க்அப்பும் ஜிஎஸ்டியும் பொதுவாகத் திரும்பாது. வரும் யூரோவும் திரும்பி வரும் நாளின் விகிதத்தில்தான் ரூபாயாக மாறும். ரூபாயின் மதிப்பு இடையில் குறைந்திருந்தால் லாபமாகக்கூட அமையலாம், கூடியிருந்தால் நஷ்டம். பயணம் உறுதியாகவில்லை, விசா இன்னும் கையில் வரவில்லை என்றால், முழுப் பணத்தையும் இன்றே கட்டச் சொல்லும் வீட்டைவிட, பிறகு கட்டலாம் என்று விடும் வீட்டை எடுப்பது நல்லது. விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நான் அதைத்தான் எடுக்கிறேன்.

டெபாசிட்டிலும் இதே கதை. வீட்டுக்காரர் 300 யூரோ டெபாசிட் கேட்டால், அது கார்டில் தொகையைத் தற்காலிகமாக முடக்கி வைக்கும் வெறும் பிடித்தமா, இல்லை உண்மையாகவே எடுத்துவிட்டு பிறகு திருப்பித் தருவதா என்று கேளுங்கள். பிடித்தம் என்றால் பணம் நகர்வதில்லை, விடுவித்ததும் முடிந்தது. எடுத்துவிட்டுத் தருவது என்றால், 3.5 சதவீத கார்டில் போகும்போதே சுமார் 1,240 ரூபாய் கழிந்துவிடும். வீட்டில் ஒரு தம்ளர்கூட உடையாமல் இருந்தாலும் அது வராது.

ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளும் கார்டில், டெபாசிட் பிடித்தால், நம் சொந்தப் பணமே பல நாள் முடங்கும். அதோடு, டாலர் ஏற்றிய கார்டை யூரோவில் தேய்த்தால் பல கார்டுகளில் மறுபடியும் ஒரு மாற்றுக் கட்டணம் விழும். போகும் ஊரின் கரன்சியையே ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றும்போது 1 லட்சம் ரூபாய் வரையான தொகைக்கு 45 முதல் 180 ரூபாய் வரை ஜிஎஸ்டி உண்டு, அது பெரிய விஷயமில்லை. மிஞ்சிய பணத்தைத் திரும்ப ரூபாயாக்கும்போது வங்கி குறைந்த விகிதத்தில் வாங்கும் என்பதால் அளவாக ஏற்றுவதுதான் முக்கியம்.

தளத்தைத் தவிர்த்து நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்புவது

தளத்தின் கட்டணம் மிச்சமாகும் என்று சில வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பணம் போன பிறகு வீடே இல்லை என்று தெரிந்தால் தளமும் கைவிட்டுவிடும், கார்டு வழியாக முறையிடும் உரிமையும் இருக்காது. நேர்மையான வீட்டுக்காரர் என்றாலும், ஸ்விஃப்ட் என்ற சர்வதேச வங்கிப் பரிமாற்ற வழியில் இடையில் உள்ள வங்கிகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் சேர்க்கும். குறைந்த பத்து இருபது யூரோவை வீட்டுச் சாவி தரும்போது நம்மிடம் கேட்பார்கள்.

சாவி வாங்கும் இடத்தில் மெஷினைப் பார்க்காமல் கார்டை நீட்டுவது

லிஸ்பனில் 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, ஒருவருக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ சுற்றுலா வரி, அதிகபட்சம் 7 இரவுக்கு. 2024 செப்டம்பரில்தான் 2 யூரோவிலிருந்து அதை ஏற்றினார்கள். சில தளங்கள் இதையும் சேர்த்தே வாங்கிவிடும், எங்களுக்கு அங்கே போய்க் கட்ட வேண்டியிருந்தது. பெரியவர்கள் நாலு பேருக்கு 112 யூரோ. சாவி கொடுக்க வந்த இளைஞர் கார்டைச் செருகி, மெஷினைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினார். ரசீது ரூபாயில் வந்தது.

யூரோவா, நம் நாட்டுப் பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டுக்காரருக்கே என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதி. கேட்காமல் மாற்றினால் ரத்து செய்யச் சொல்லலாம். மறுத்தால் ரசீதை வைத்துக்கொண்டு ஊர் திரும்பியதும் வங்கியில் முறையிடலாம். அந்த இளைஞரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. “யூரோவில் போட முடியுமா?” என்றுதான் கேட்டேன். தெரியாமல் அழுத்திவிட்டதாகச் சொல்லி, பழையதை ரத்து செய்து, ரத்து ரசீதையும் கையில் கொடுத்து, மெஷினை என் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் இரண்டு தொகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இந்த முறை யூரோவை நானே அழுத்தினேன்.