நீறு ஊதிய நெருப்பு: சூடான துணைக்குறுமீனை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது எப்படி?

செட்டிநாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு வானத்தில் ஒரு வசதி உண்டு. தை, மாசி இரவுகளில் அகத்தியர் நட்சத்திரம், அதாவது கனோபஸ், தெற்கே நன்றாக எழும்பி நிற்கும். அதற்குச் சற்று மேலே ஹாட் சப்ட்வார்ஃப் என்ற வகை விண்மீன் ஒன்று இருக்கிறது. தமிழில் சூடான துணைக்குறுமீன் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண பைனாகுலருக்கே அது அகப்படும். ஆனால் என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்த்தால் அது வெறும் புள்ளிதான், அதனால் முதலில் கொஞ்சம் தயாராகிக்கொள்வோம்.

முதல் படி: அடுப்பைப் பாருங்கள்

வீட்டு விசேஷத்தில் சமையல் முடிந்ததும் பின்கட்டுக் கோட்டை அடுப்புக்குப் போங்கள். கங்கு சாம்பல் மூடி மங்கிக் கிடக்கும். ஆச்சி ஊதாங்குழலை வைத்து ஒரு ஊது ஊதினால் சாம்பல் பறந்து, உள்ளே இருந்த தணல் கண்ணைக் கூசும். நெருப்பு புதிதாக வரவில்லை, மூடியிருந்தது விலகியது, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: செம்பெருமீனின் உள்ளே

சூரியனைப் போன்ற விண்மீன் நடுவில் இருக்கும் ஹைட்ரஜனைத் தீர்த்ததும், உள்ளகம் சுருங்குகிறது, வெளிப்பகுதி ஊதிப் பெருத்துச் சிவக்கிறது. இதைத்தான் செம்பெருமீன் என்கிறோம். சித்திரை மாத இரவில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும் சுவாதி இந்த வகைதான். கடைசிக் கட்டத்தில் இப்படிப்பட்ட விண்மீன் சூரியனைப்போல 100 மடங்குக்கும் மேல் அகன்றிருக்கும். நடுவே ஹீலியம் சேர்ந்துகொண்டே போய், சூரிய எடையில் ஏறத்தாழ 0.47 பங்கை எட்டி, சூடு 10 கோடி டிகிரியைத் தொடும்போது ஹீலியம் பற்றிக்கொள்ளும்.

சரி, இந்த நேரத்தை ஒட்டி மேலே இருக்கும் ஹைட்ரஜன் போர்வை முழுக்கப் பறிபோனால்? மிஞ்சுவது ஹீலியம் எரியும் உள்ளகமும் அதன்மேல் மெல்லிய ஹைட்ரஜன் தோலும்தான். அதுதான் துணைக்குறுமீன்.

மூன்றாம் படி: ஊதியது யார்?

எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. பெரும்பாலும் ஊதியது பக்கத்தில் இருக்கும் துணை விண்மீன்! பெருத்துப்போன செம்பெருமீனின் போர்வைக்குள் துணை மாட்டிக்கொண்டு, உள்ளேயே சுழன்று சுழன்று நெருங்கிவர, அந்தச் சுழற்சியின் ஆற்றல் போர்வையை வெளியே தூக்கி எறிந்துவிடுகிறது. மிஞ்சும் இரண்டும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ ஒன்றையொன்று சுற்றிவரும் அளவுக்கு நெருங்கிவிடும். கன்னி மண்டலத்தில் இருக்கும் எச்டபிள்யூ விர்ஜினிஸ் ஜோடி ஒரு சுற்றை முடிக்க 2 மணி 48 நிமிடம்தான் எடுக்கிறது, அதாவது காரைக்குடியில் கிளம்பிய பஸ் திருச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள். அறிந்த துணைக்குறுமீன்களில் சுமார் பாதி இப்படி நெருங்கிய ஜோடிகள்.

போர்வை அமைதியாகத் துணையின்மேல் வழிந்துபோவதும் உண்டு, அப்போது சுற்றுக்காலம் பல நூறு நாட்களாக இருக்கும். தனியாகத் திரியும் சில துணைக்குறுமீன்கள், இரண்டு ஹீலியம் வெண்குறுமீன்கள், அதாவது எரிந்து முடிந்த விண்மீன்களின் சிறிய, அடர்ந்த மிச்சங்கள், ஒன்றாகக் கலந்து பிறந்தவை.

நான்காம் படி: ஒரு சின்னக் கணக்கு

பேப்பரும் பேனாவும் எடுங்கள். வழக்கமான துணைக்குறுமீனின் ஆரம் சூரியனில் 0.2 பங்கு, மேற்பரப்புச் சூடு 30,000 கெல்வின். சூரியனுக்கு 5,772, ஆக 5.2 மடங்கு. ஒளி சூட்டின் நான்காம் அடுக்கில் ஏறும்: 5.2-ஐ நான்கு முறை பெருக்கினால் சுமார் 730. ஆரத்தின் வர்க்கம் 0.04. இரண்டையும் பெருக்கினால் 29. அகலம் சூரியனில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் 29 சூரியன்களின் ஒளி! பெரும்பகுதி புற ஊதாவில் போய்விடுவதால் நம் கண்ணுக்கு அது எட்டாது. 1947-ல் வானியலாளர்கள் ஹூமசனும் ஸ்விக்கியும் மங்கலான நீல விண்மீன்களைத் தேடிய பட்டியலில்தான் இவை முதலில் அகப்பட்டன.

ஐந்தாம் படி: அப்புறம் என்ன ஆகும்?

சுமார் 10 கோடி ஆண்டு ஹீலியம் எரியும். தீர்ந்ததும் மறுபடி பெருக்க மேலே போர்வை இல்லை, அதனால் அது இன்னும் சூடேறி, பிறகு அடங்கி, கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த வெண்குறுமீனாக ஆறிப்போகும்.

ஆறாம் படி: மாடிக்குப் போங்கள்

பழநிக்குப் பாதயாத்திரை போகும் தைப்பூசத்தன்று வேண்டாம், பௌர்ணமி நிலவு எல்லாவற்றையும் அழித்துவிடும். அடுத்து வரும் அமாவாசையை ஒட்டி, இரவு 9 மணி வாக்கில், தெரு விளக்கு படாத மூலையில் நின்று 20 நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். 10×50 பைனாகுலர் போதும், முழங்கையைக் கைப்பிடிச்சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

தெற்கே அகத்தியரைப் பிடியுங்கள். கையை நீட்டி ஒரு முஷ்டி அகலம் மேலே, கொஞ்சம் இடப்புறமாக, வெறும் கண்ணுக்கே தெரியும் ஒரு நடுத்தர விண்மீன் வரும், பெயர் நியூ பப்பிஸ். அதைப் பைனாகுலருக்குள் கொண்டுவந்து, இடது கீழ்ப்பக்கமாக நாலு நிலா அகலம் நகருங்கள். அங்கே இருப்பதுதான் நம் துணைக்குறுமீன். வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் எச், டி என்ற இரண்டு ஆங்கில எழுத்தோடு 49798 என்று தேடிச் சரிபார்த்துக்கொள்ளலாம். நீலமாக மின்னும் என்று எதிர்பார்க்காதீர்கள், 8.3 ஒளி அளவில் (இந்த எண் கூடக்கூட மங்கல்) அது ஒரு வெள்ளைப் பொட்டுதான்.

ஆனால் அந்தப் பொட்டு 1,700 ஒளியாண்டுக்கு அப்பால் சுமார் 47,000 கெல்வினில் எரிகிறது. வழக்கத்தைவிடக் கனமானது, சூரியனைப்போல ஒன்றரை மடங்கு எடை, ஏனென்றால் அதன் தாய் விண்மீனே பெரியது. அதன் போர்வையை ஊதிய துணையும் பக்கத்திலேயே இருக்கிறது, ஒன்றரை நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அது வெண்குறுமீனா, அதைவிடவும் அடர்ந்த நியூட்ரான் விண்மீனா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. எக்ஸ் கதிர்த் துடிப்பை வைத்து ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும்: அது 13.2 நொடிக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. பைனாகுலர் ஆடாமல் இருக்க நீங்கள் மூச்சைப் பிடித்து நிற்கும் அந்த நேரத்துக்குள் அது ஒரு முழுச் சுற்றை முடித்திருக்கும்.