பூவின் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள்

ஆல்ப்ஸ் சரிவுகளில் முதல் தடவை நடந்தபோது நீல ஜென்ஷியன் பூக்களை நாற்பது படம் எடுத்தேன். எல்லாமே மேலிருந்து. திரும்பி வந்து பெயர் தேடினால் ஒன்றுகூடத் தேறவில்லை. அக்காலிஸ், குளூசி என்ற இரண்டு இனங்கள் மேலிருந்து பார்த்தால் ஒரே அச்சு. அடையாளம் இருப்பது புல்லிவட்டத்தில், அதாவது பூவின் அடியைச் சுற்றியிருக்கும் பச்சை உறையில். குளூசியின் புல்லிப் பற்கள் அடியில் அகலமாகத் தொடங்கி நுனியில் கூராகும். அக்காலிஸில் பற்கள் அடியில் இடுங்கி, நடுவே வெளிறிய சவ்வு தெரியும். பூக்குழலுக்குள் பச்சைப் புள்ளிகளும் இருக்கும். அன்றிலிருந்து என் முதல் படம் பக்கவாட்டில்தான். அப்புறம் இலையின் இரு புறமும், தண்டின் அடியும், பக்கத்தில் ஒரு அளவுகோலும்.

அடுத்தது காலடி மண். குளூசிக்குச் சுண்ணாம்புப் பாறை, அக்காலிஸுக்கு அமில மண். பல்சட்டில்லா அல்பைனா என்ற மலைப்பூவின் துணையினங்களை, அதாவது ஒரே இனத்துக்குள் இருக்கும் கிளைகளைப் பிரிக்கவும் இதுவே உதவும்: வெள்ளைப் பூ அல்பைனா சுண்ணாம்பில், மஞ்சள் பூ ஏபிஃபோலியா அமில மண்ணில். ஆனால் அமில மண்ணிலும் சிறிய பூவுள்ள ஒரு வெள்ளைத் துணையினம் உண்டு, அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சந்தேகமென்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு கல்லில் விடுங்கள். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். அதன் உறவுக்காரப் பாறையான டோலமைட் அழுத்தக்காரன், பொடித்தால்தான் லேசாக நுரைப்பான்.

ஒரே செடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். நான் குறைந்தது பத்துச் செடிகளை அளப்பேன், அழகானதை மட்டும் பொறுக்காமல். நூறு நீலத்தின் நடுவே நிற்கும் ஒற்றை வெள்ளை, துணையினம் ஆகாது, வெறும் நிறமாறி. குட்டையாக இருப்பதும் சாட்சி இல்லை. கிளாசன், கெக், ஹீசி என்ற மூன்று ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு செடியையும் பல துண்டாகப் பிரித்து, கடல்மட்டத்தை ஒட்டிய தோட்டத்திலும் 1,400 மீட்டரிலும் 3,050 மீட்டரிலும் நட்டார்கள். 1940இல் முடிவுகள் வந்தன. இடம் மாறியதும் செடியின் உயரமும் மாறியது, ஆனால் பரம்பரையாக வந்த சில வேறுபாடுகள் எங்கு நட்டாலும் அப்படியே நின்றன. அதனால் செடியின் உயரத்தைவிட அதன் மேலுள்ள மயிர்களுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறேன்: பத்து மடங்கு லென்ஸில், நுனியில் சுரப்பி உருண்டை இருக்கிறதா, வெறும் மயிரா என்று பாருங்கள்.

இரண்டு துணையினங்களின் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் இடைப்பட்ட செடிகள் வரும். அங்கே இனப்பெயரோடு நிறுத்திவிடுங்கள், சரியா? என் நோட்டில் பல பக்கங்களில் அவ்வளவுதான் இருக்கிறது, பக்கத்தில் 'இடைப்பட்டது' என்ற ஒரு சொல்லோடு.