சிறு விமானத்தில் ஹோஸ் வழியே ஒயில் கசிந்தால்

போன மாதம் ஒரு ராத்திரி மருமகன் இரத்மலானை விமான நிலையத்திலிருந்து பேசினான். விமானப் பராமரிப்புப் பயிற்சியில் இருக்கிறான். "மாமா, செஸ்னா 172, வயிற்றுப் பக்கம் முழுக்க ஒயில். ஒயிலை ஆறவைக்கிற கூலருக்குப் போற ஹோஸ் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கட்டுமா?" என்றான். முதலில் ஸ்பானரைக் கீழே வை என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொட்டகலை, தலவாக்கலைப் பக்கமிருந்து இந்த வேலைக்குப் போகும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

கசிவைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். இரத்மலானையில் ஏறி மலைப்பக்கம் வரும் ஒற்றை எஞ்சின் விமானத்துக்குக் கீழே இறங்கச் சமதரை எங்கே இருக்கிறது? தேயிலைச் சரிவும், காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும்தான். அந்த 172-இல் இருந்தது லைகோமிங் ஓ-320 எஞ்சின். நான்கு சிலிண்டர், அடியில் ஒயில் தங்கும் சம்ப் நிறைந்தால் 8 குவாட், அதாவது ஏறக்குறைய ஏழரை லீட்டர். அழுத்தமுள்ள ஹோஸ் ஒன்று பிய்ந்துபோனால் அது சில நிமிடத்துக்குக்கூடத் தாங்காது.

முதல் வேலை கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது. பறக்கும்போது காற்று ஒயிலைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஈரம் இருக்கும் இடத்தை நம்பாமல், ஈரத்தின் முன்முனையையும் மேல்முனையையும் தேடுங்கள். எங்கள் அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் அறைக்காரர். குழாயில் கசிவு என்றால் நன்றாகத் துடைத்துவிட்டு, ரொட்டிக்கு வைத்திருக்கும் கோதுமை மாவில் ஒரு பிடி எடுத்துத் தூவுவார். மாவு முதலில் எங்கே கறுக்கிறதோ அங்கேதான் ஓட்டை. விமானத்தில் மாவு வேண்டாம். வெடிப்புப் பார்க்கும் வெள்ளைப் பொடி ஸ்பிரே இருக்கிறது, அதே வேலையைச் செய்யும்.

எஞ்சின் ஆறட்டும். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மக்னீட்டோவின் சுவிட்சை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்துக்குள் நிற்காதீர்கள். மக்னீட்டோவின் எர்த் கம்பி அறுந்திருந்தால், கையால் அசைத்தாலே எஞ்சின் பிடித்துக்கொள்ளலாம். மக்னீட்டோவையும் ஆல்டர்னேட்டரையும் பொலித்தீனால் மூடிவிட்டு மினரல் ஸ்பிரிட்டால் கழுவுங்கள். பெற்றோல் கூடவே கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு பொடியை அடித்து, ஐந்து பத்து நிமிடம் தரையில் ஓட்டி, நிறுத்தி, டோர்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பாருங்கள்.

இந்த எஞ்சின்களில் நான் அதிகம் பார்த்தது, சிலிண்டர் தலையில் வால்வுகளை அசைக்கும் ரொக்கர் பெட்டியிலிருந்து ஒயில் திரும்பி வரும் வடிகுழாய்களின் ஹோஸ் துண்டுகள். சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு. குழாய் எஞ்சின் உடலோடு சேரும் இடத்தில் விரல் நீள ரப்பர், இரண்டு கிளிப். சூட்டில் வருடக்கணக்காக வெந்து, நகத்தால் அழுத்தினால் மரக்கட்டை மாதிரி இருக்கும். அப்படி ஆனபின் கிளிப்பை இறுக்கிப் பயனில்லை, ரப்பர் வெடிக்கத்தான் செய்யும். இங்கே அழுத்தம் கிடையாது, சும்மா வழிந்து வரும் ஒயில்தான். ஆனால் புகைக்குழாயில் சொட்டினால் புகையும் தீ ஆபத்தும் உண்டு.

மாற்றும்போது பழைய துண்டைத் திருகி இழுக்காதீர்கள். எஞ்சின் உடலில் இறுக்கிப் பதித்த சிறு முனை அதோடு சேர்ந்து அசைந்தால் வேலை பத்து மடங்காகிவிடும். கத்தியால் நீளவாக்கில் மெதுவாகக் கீறி உரியுங்கள். உலோகத்தில் கீறல் விழக்கூடாது. குழாயில் கிளிப் இருந்த இடத்தைத் துடைத்து, தேய்மானமோ வெடிப்போ உண்டா என்று பாருங்கள். புதிய துண்டு அந்த எஞ்சினுக்கு அங்கீகரித்த உதிரிப்பாகமாகவே இருக்கவேண்டும். ஹட்டன் கடையில் வாங்கிய லொறி ஹோஸ் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், வேண்டவே வேண்டாம். உள்ளே சுத்தமான எஞ்சின் ஒயில் தடவிச் செருகி, ரப்பர் கிளிப் துளைகளுக்குள் பிதுங்காத அளவுக்கு இறுக்குங்கள். ஒன்று கசிந்தால் நான்கையும் மாற்றுவது என் வழக்கம். நான்கும் ஒரே வயது.

கூலர் ஹோஸ் வேறு கதை. பறக்கும்போது அழுத்தம் 60 முதல் 90 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை இறாத்தல். நட்டுப் பக்கம் ஈரமென்றால் பலர் இன்னொரு கால் சுற்று கொடுப்பார்கள். நானும் பழகுகிற காலத்தில் அதைச் செய்து, நட்டுக்குள் ஒன்றோடொன்று அமர்ந்து ஒயிலை அடைக்கும் முனையின் கூம்பை நசுக்கி, ஒரு விமானத்தை இரண்டு நாள் நிறுத்திவைத்தேன். கழற்றித்தான் பார்க்கவேண்டும். கூம்பில் கீறலோ தூசியோ இருக்கும். விமானக் கூம்பு 37 பாகை. வாகனப் பிரேக் குழாயில் வருவது 45 பாகை, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. கூம்பு இணைப்புக்குப் பசையோ டெஃப்லோன் நாடாவோ கூடாது. நாடாவின் துணுக்கு உள்ளே போய் ஒயில் வழியை அடைத்துவிடும். இரண்டு ஸ்பானர் பிடியுங்கள்: ஒன்று நட்டு ஏறும் பொருத்தியை அசையாமல் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. முறுக்கு அளவைக் கைநூலில் பார்த்து டோர்க் ஸ்பானரால் வையுங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

ஹோஸில் ஓடும் நீளக் கோடு நேராக இருக்கவேண்டும், வளைந்து சுற்றினால் ஹோஸ் முறுகியிருக்கிறது. 5 முதல் 8 வீதம் தளர்வு விடுங்கள், அழுத்தம் ஏறினால் நீளம் மாறும். டெஃப்லோன் ஹோஸ் சூட்டில் தன் வளைவிலேயே உறைந்துவிடும். கழற்றியதும் நிமிர்த்தினால் உள்ளே மடிந்து கெட்டுப்போகும், அதே வளைவில் கம்பி கட்டி வையுங்கள். செம்மஞ்சள் தீக்காப்பு உறையையும் அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஒயில் ஊறியிருந்தால் ஹோஸ் ஆயுள் முடிந்தது. ரப்பர் ஹோஸை 5 வருடத்தில் மாற்றுவது பொது வழக்கம், தேதி உலோகப் பட்டியில் இருக்கும். இரத்மலானைக் கடல்காற்றில் வெளிப்பின்னல் துரு பிடித்திருந்தால் அதுவரை காத்திருக்கவேண்டாம்.

அழுத்தமானிக்குப் போகும் மெல்லிய குழாயில், எஞ்சின் பக்கப் பொருத்தியில் ஊசிமுனை அளவு துளைதான் இருக்கும். குழாய் அறுந்தாலும் ஒயில் மெதுவாகப் போகட்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் சாதாரணப் பொருத்தியை மாட்டிவிடாதீர்கள்.

வேலை முடிந்தால் திரும்பக் கழுவி, பொடி அடித்து, ஓட்டிப் பாருங்கள். நட்டில் நிறக்கோடு போடுங்கள், தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும். பதிவேட்டில் எழுதி, உரிமம் உள்ள பொறியியலாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பறப்பு. முதல் பறப்பு முடிந்ததும் எஞ்சின் மூடியைத் திறந்து இன்னொரு தடவை பாருங்கள்.

மருமகனின் கசிவு முன்பக்கம் இரண்டாம் சிலிண்டரின் வடிகுழாயில் இருந்தது. அவன் இறுக்கப் போன கூலர் ஹோஸுக்கு ஒன்றுமில்லை.